கள்ளித் தொட்டியைத் தூக்குவதற்கு முன்

தொட்டிகள் பதினொன்றையும் துடைத்து பால்கனிச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டேன். முன்பெல்லாம் ஒரு காலை நேரத்தில் முடிகிற வேலை. இப்போது குனிந்தால் நிமிர நேரமாகிறது, நிமிர்ந்தால் எதற்குக் குனிந்தோம் என்பது மறந்துபோகிறது; மூன்று நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீயும் நித்யாவும் வண்டியோடு வந்து நங்கநல்லூருக்கு ஏற்றிக்கொண்டு போகலாம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே செடிகள் புது வீட்டு வெயிலுக்குப் பழகட்டும் என்று நித்யா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "எப்படிப் பாத்துக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க ஆன்ட்டி" என்றாள். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. கை வலிக்கிறது, இனிமேல் கிழிக்கப் போவதில்லை.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தச் செடிகள் எல்லாமே தண்ணீரைத் தங்கள் உடம்புக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்பவை. கற்றாழைக்கு இலையில், கள்ளிக்குத் தண்டில், அந்த ரோஜா நிற அடினியத்துக்கு அடிப்பருமனில். பாசத்தைக் காட்டுவதாக நினைத்து தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு வரை விட்டுப் பார். உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. ஊற்றினால் தொட்டியின் ஓட்டை வழியே வடிகிற வரை ஊற்று, கீழே தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடு. மண்ணில் பாதிக்குப் பாதி மணலும் உடைத்த செங்கல்லும் கலந்திருக்கிறேன். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் கூரைக்குக் கீழே தள்ளிவிடு. சித்திரை வெயிலைத் தாங்கும் என்று நினைத்து மொட்டை மாடியில் வைக்காதே, கற்றாழைகூட அங்கே சிவந்து சுருங்கிவிடும். கிழக்குப் பார்த்த ஜன்னல் போதும். வெள்ளையாக மாவு போலப் பூச்சி பிடித்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடு. இவ்வளவுதான். நித்யா கேட்ட ஒரு பேப்பர் இங்கே முடிந்துவிட்டது.

மீதியை எழுதக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் இரண்டு பேரும் ஹாலில் பழைய ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். நித்யா கேட்டாள், "ஏன் எல்லா போட்டோலயும் வலது கண்ண மட்டும் சுருக்கிக்கிற? ஸ்டைலா?" நீ சிரித்தாய். "அது ஒரு பெரிய கத. எனக்கு ரெண்டு வயசுல எங்க வீட்ல வேலை செஞ்ச அம்மா கள்ளிச் செடிய வெளயாடக் குடுத்துட்டாங்களாம். பால் கண்ணுல பட்டுடுச்சு. கண்ணே போயிருக்கும். அறிவு வேணாம்?" அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அந்த வாரமே வேலைய விட்டு நிறுத்திட்டேன்" என்றார். நித்யா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாவம் ஆன்ட்டி, எப்படிப் பதறியிருப்பீங்க" என்றாள். நான் டீ போடுகிறேன் என்று உள்ளே போனேன்.

கண்ணா, அந்தக் கதையை உனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. அப்பாவிடம் அந்தக் கதை உருவாகும்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் நான். உன் கண்ணில் கள்ளிப் பாலை விட்டது நம் வீட்டில் வேலை செய்த கன்னியம்மா இல்லை. நான்.

அப்போது மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில், தண்ணீர் வராத ஒரு கோடை. தெரு முனைக்கு லாரி வரும், பிளாஸ்டிக் குடங்கள் முந்தின நாளே வரிசையில் காத்திருக்கும். எனக்கு இருபத்தைந்து வயது. கூட்டத்தில் முண்டி நின்று குடத்தை நீட்டத் தெரியாது. யாராவது "ஏம்மா, பின்னால போ" என்றால் பின்னால் போய்விடுவேன். ஆகவே தண்ணீர் பிடித்து மாடிக்குக் கொண்டு வருவது கன்னியம்மாவின் வேலையாயிற்று. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்து வருவாள். பாத்திரம், துணி, தண்ணீர், இதற்கு நடுவில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காக்காயைக் காட்டுவது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவள். "நீ இன்னாமா, தண்ணி லாரியாண்ட வந்து சாமி கும்புடற மாதிரி நிக்கிற?" என்று சத்தமாகச் சிரிப்பாள். தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு உடம்பு கூசும். ஆனால் அவள் வந்த நாட்களில் நம் வீட்டில் இரண்டு குடம் நிறைந்திருக்கும்.

என் படிப்பைப் பற்றி உனக்குத் தெரியும். பி.எஸ்ஸி. தாவரவியல். மயிலாப்பூரில் சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பாவின் குடும்பத்தில் முதல் பட்டம். கறுப்பு அங்கி போட்டு எடுத்த போட்டோவை டியூப் தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தார், பஞ்சர் ஒட்ட வருகிற ஒவ்வொருவருக்கும் காட்டுவார். உன் அப்பாவுக்கும் அதில் பெருமைதான். வீட்டுக்கு யார் வந்தாலும், "செடி கொடின்னா இவளக் கேளுங்க, அதுலயே டிகிரி" என்பார். எனக்குப் பேச வராது என்பதை எல்லோரும் மன்னித்ததற்கு அந்தப் பட்டம்தான் காரணம். படித்த பெண், அதனால் அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் என்னிடம் இருந்த ஒரே கௌரவம் அது.

உன் இரண்டாவது பிறந்தநாளன்று கபாலீசுவரர் கோயிலுக்குப் போனோம். பஸ்ஸில் ஒரு பெண்மணி உன் கன்னத்தை வழித்து, "கண்ணு ரெண்டும் எவ்ளோ பெருசு!" என்றாள். பிரகாரத்தில் இன்னொருத்தி அதையே சொன்னாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாட வீதியில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்து விற்கிற கடைக்காரியிடம், வீட்டு வாசலில் தலைகீழாகக் கட்டுவதற்குக் கற்றாழை கேட்டேன். "கத்தாழ தீந்துபோச்சும்மா. இத்த கட்டு. கத்தாழ சும்மா தொங்கும், இது எவன் கண்ணா இருந்தாலும் குத்திப்புடும்" என்று முள்ளுள்ள சதுரக்கள்ளித் தண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். ஒரு முழ நீளம். பச்சைப் பசேலென்று அழகாக இருந்தது. பாதியைக் கட்டிவிட்டு மீதியைத் தொட்டியில் வைக்கலாம் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை உன்னை தி. நகரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போட்டோ எடுக்க அழைத்துப் போவதாக இருந்தது. அப்பா ஆபீஸ் போய்விட்டார். கிளம்புவதற்கு முன் கள்ளியை அரிவாள்மனையில் வைத்து இரண்டாக நறுக்கினேன். பால் கொட்டியது. தண்டின் இரண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாக, நான் நினைத்ததைவிட எவ்வளவோ அதிகமாக. ஒரு பாதியைக் கறுப்புக் கயிற்றில் கட்டி நிலைப்படிக்கு மேலே தொங்கவிட்டேன். மற்ற பாதியைச் செய்தித்தாளில் சுற்றி, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி மேடைக்குக் கீழே வைத்தேன். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேடைமேல் இரண்டு குடம் இருந்தன, குடிக்கிற தண்ணீர். அதில் கை கழுவ மனம் வரவில்லை. புடவை முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டேன். பிறகு உன்னை மடியில் உட்கார வைத்து, மை டப்பாவைத் திறந்து, மோதிர விரலால் தொட்டு, உன் வலது கண்ணில் இழுத்தேன்.

இடது கண்ணுக்குப் போவதற்குள் நீ கத்தினாய். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் கள்ளிப் பாலை ஒரு சொட்டு கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தவள் நான். அதில் மாவுத் துணுக்குகள் குட்டி எலும்புகள் போலத் தெரியும். அழகாக வரைந்ததற்கு முழு மதிப்பெண். மேஜையைவிட்டு எழும்போது எங்கள் மேடம், "கைய சோப்புப் போட்டுக் கழுவாம யாரும் முகத்தத் தொடாதீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. தெரிந்தது எல்லாம் தேர்வுத் தாளில் இருந்தது, கை அரிவாள்மனையில் இருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

கன்னியம்மா அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தாள். உள்ளே வந்தவள் தொங்குகிற கள்ளியைப் பார்த்தாள், மை டப்பாவைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள். "அடிப்பாவி, கள்ளிப் பாலா?" என்றாள். நான் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதே கையால் உன் கண்ணைத் துடைக்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு உன்னைப் பிடுங்கிக்கொண்டாள். தன் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், உன் தலையைச் சாய்த்துப் பிடித்தாள், இரண்டு விரலால் இமையை விலக்கினாள். "சொம்புல மொண்டு ஊத்து. நிறுத்தாத. ஊத்திகினே இரு!" நான் மொண்டு கொடுக்க அவள் ஊற்றினாள். ஒரு குடம் காலியாயிற்று. இரண்டாவதும் பாதிக்கு வந்தபோது, "போதுமா கன்னியம்மா?" என்று கேட்டேன். "தண்ணி பாக்கறியா, கண்ணு பாக்கறியா?" என்றாள். பிறகு எதிர்வீட்டுக் கதவை உதைக்காத குறையாகத் தட்டி, "தண்ணி குடுமா, கொழந்த கண்ணு!" என்று கத்தி இன்னொரு குடமும் வாங்கிவந்தாள். தண்ணீர் படியில் வழிந்து தெருவரை போயிற்று. அந்தக் கோடையில் அப்படி ஒரு தண்ணீரை அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

கீழ் வீட்டு போனிலிருந்து அப்பாவுக்குச் சொல்லிவிட்டு ஆட்டோவில் கண் டாக்டரிடம் போனோம். நீ அவள் மடியில்தான் இருந்தாய். அப்பா எங்களுக்கு முன்பே வந்து நின்றார். டாக்டர் கேட்டார், "கண்ல என்ன பட்டுச்சு?" நான் வாயைத் திறந்தேன். கன்னியம்மா இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "கள்ளிப் பாலு சார். இந்தச் செடிதான். துண்டு கொணாந்துகீறேன்." டாக்டர் பிரித்துப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை செஞ்சீங்க. கழுவினது யாரு? இவ்ளோ நல்லாக் கழுவலைன்னா வேற மாதிரி ஆயிருக்கும்" என்றார். அப்பா காதில் அது விழவில்லை. அவருக்கு முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. "கள்ளிப் பால் எப்படிக் கண்ணுக்குப் போச்சு? கொழந்த உங்கிட்டதான இருக்கும்?" என்று அவளைக் கேட்டார். அவள், "அம்மாவக் கேளு சார்" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். கன்னியம்மா என்னைப் பார்த்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துகள் அச்சடித்த அட்டை மாட்டியிருந்தது, மேலே பெரியதாக, கீழே போகப் போகச் சிறியதாக. நான் கடைசி வரியைப் படிக்க முயன்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அப்பா தானாகவே முடிவு செய்துகொண்டார், அறிவில்லாதவள் கையில் குழந்தையைக் கொடுத்தது நம் தப்பு என்று.

வெளியே மருந்துக்காக நிற்கும்போது அவள் என் காதருகில் வந்தாள். "இன்னாமா, வாயில கொழுக்கட்டையா வெச்சுகினுகீற? நான் உன்ன மாட்டி வுடக்கூடாதுன்னு பாத்தேன். நீயே சொல்லுவன்னு பாத்தேன்." நான், "வீட்டுக்குப் போனதும் சொல்லிடறேன் கன்னியம்மா" என்றேன். அடுத்த நான்கு நாள் அவள் வேலைக்கு வந்தாள். தினமும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, "சொல்ட்டியா?" என்று கேட்பாள். "இன்னிக்குச் சொல்றேன்" என்பேன். சொல்ல நினைக்காமல் இல்லை. ஆனால் அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "இவ படிச்சவ, இவ கையில இருந்திருந்தா இப்படி ஆகுமா?" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு தடவை அவர் அதைச் சொல்லும்போதும் என் வாய் இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டது.

ஐந்தாம் நாள் அப்பா அவளிடம், "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரல் மாடி முழுக்கக் கேட்டது. "டிகிரி படிச்ச பொண்ணாம்! அந்தப் படிப்பு ஒரு வார்த்த பேச உதவலியேமா!" எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. பிறகு குரல் தணிந்து, உன்னிடம், "வரட்டா நைனா? கண்ணக் கசக்காத, இன்னா?" என்றாள். கட்டுப் போட்ட கண்ணோடு நீ அவளுக்குக் கையாட்டினாயாம், அப்பா சொன்னார். நான் பார்க்கவில்லை. டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

பார்வை தப்பித்தது. கருவிழி ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றுவிட்டது, வெயிலில் நீ கண்ணைச் சுருக்குவது அதனால்தான். ஆல்பத்தில் உன் இரண்டாவது பிறந்தநாள் போட்டோ ஏன் இல்லை என்று பள்ளிக்கூட நாட்களில் கேட்பாயே, அதுவும் அதனால்தான். வாசலில் தொங்கிய பாதியை அப்பா அறுத்து எறிந்தார். தொட்டி மேடைக்குக் கீழே இருந்த பாதியை ஒரு மாதம் கழித்துத்தான் கண்டெடுத்தேன். மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், வெட்டிய இடம் காய்ந்து வடுவாகி, பச்சையாக அப்படியே இருந்தது. நுனியில் குட்டியாக ஒரு துளிர்கூட. எறியத்தான் படியிறங்கினேன். முடியவில்லை. திரும்பி வந்து நெய் டப்பாவில் ஓட்டை போட்டு நட்டேன். அடையாறு வீட்டுக்கு மாறியபோது ஆட்டோவில் என் காலடியில் வந்ததும், நீ ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிற அந்தப் பெரிய தொட்டியில் இப்போது உன் தோள் உயரத்துக்கு நிற்பதும் அதுதான்.

நீ ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் அவளைத் தேடிப் போனேன். ஆற்றங்கரையில் குடிசைகள் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அவங்களயெல்லாம் ஊருக்கு அந்தாண்ட தூக்கினு பூட்டாங்களேம்மா. எந்தக் கன்னியம்மா? இங்க பத்து கன்னியம்மா இருந்துச்சு" என்றார். அவள் புருஷன் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. செய்த தப்பைவிட அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

சரி, கள்ளியைப் பற்றி நித்யாவுக்குத் தெரிய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். அதை நடக்கிற வழியிலும் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்திலும் வைக்காதே. நித்யாவின் அக்கா பையன் அடிக்கடி வருவான் என்றாய். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள், கண்ணாடி போட்டுக்கொள், கீழே செய்தித்தாள் விரி. வெட்டிய துண்டை ஒரு வாரம் நிழலில் காயவிட்டு அப்புறம் நடு. கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடாதே, முக்கியமாக யாருடைய முகத்தையும். அடினியம் பாலும் விஷம்தான். கற்றாழையிலும் தோலுக்கு அடியில் வடிகிற மஞ்சள் நீர் அரிக்கும். எது கண்ணில் பட்டாலும் உடனே ஓடுகிற தண்ணீரில் கழுவு, கால் மணி நேரமாவது நிறுத்தாதே. அப்புறம் டாக்டரிடம் போ, செடியின் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. இதையெல்லாம் நான் கல்லூரியில் கற்றதாக நித்யா நினைப்பாள். கண்ணைக் கழுவியதும் துண்டை எடுத்துவந்ததும் கன்னியம்மா.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. மடித்து, நுனி வெளியே தெரிகிற மாதிரி அந்தப் பெரிய தொட்டிக்கு அடியில் வைக்கிறேன்; நீ வந்ததும் முதலில் எடுத்துப் படி. அப்பா காலையில் பால்கனிக்கு வருவார், கண்ணில் பட்டால் படிக்கட்டும். படித்தாலும் படிக்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் இருக்கும்போது நானே வாயால் சொல்ல வேண்டும். நீ எனக்காக நித்யாவிடம் சொல்லிவிடாதே. எனக்கு அலுத்துவிட்டது கண்ணா, ஆனால் இதை இன்னொருவர் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மற்ற பத்துத் தொட்டிகளையும் முதலில் வண்டியில் ஏற்று. கள்ளியை நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் தூக்காதே. நடுவில் நான் டீ போடுகிறேன் என்று எழுந்தால், என் கையைப் பிடித்து உட்கார வை.